தேடும் முன் சற்றே யோசியுங்கள்

கோல சிலாங்கூர் கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் படகில் போயிருக்கிறீர்களா? படகோட்டி ஆற்றோர மரங்களை எல்லாம் துழாவிக் கொண்டிருக்க மாட்டார். பெரெம்பாங் மரங்களை நோக்கியே துடுப்புப் போடுவார். விவரம் தெரிந்தவருக்குத் தேடும் வேலை குறைவு.

கணினித் தரவுத்தளமும் அப்படித்தான். உங்கள் அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம். கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். இந்த விதியைத் தரவுத்தளத்திற்கு முன்பே சொல்லி வைத்திருக்கிறோம் என்று கொள்வோம்.

"எண் 7-இல் முடியும் பெண்கள் யார்?" என்று வினவினால், ஒரு பெயரையும் புரட்டாமல் "யாருமில்லை" என்று அது சொல்லிவிடலாம். "எண் 7-இல் முடியும் ஆண்கள் யார்?" என்றால், ஆணா பெண்ணா என்று பார்க்கும் நிபந்தனையே தேவையில்லை. அதை நீக்கி, வினவலைச் சுருக்கி எழுதிக்கொள்ளலாம். விடை மாறாது, உழைப்பு மட்டும் குறையும். 1990-இல் சக்கரவர்த்தி, கிராண்ட், மிங்கர் ஆகிய மூவர் இம்முறையைத் தர்க்கத்தின் அடிப்படையில் விரிவாக விளக்கி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர்.

வேகம் வேண்டுமென்றால் விலையுயர்ந்த கணினி வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலில் வேண்டியது தெளிவான தர்க்கம். படிவம் 4 கணிதத்தில் வரும் தர்க்கப் பாடம், "ஆசிரியரே, இது எதற்கு உதவும்?" என்று நீங்கள் கேட்கும் பாடம், இதற்குத்தான் உதவுகிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. விதி எப்போதும் உண்மையாக இருக்க வேண்டும். "பெரும்பாலும்" என்பது போதாது. மின்மினிகள் வேறு மரங்களிலும் அமர்வதுண்டு. பெரெம்பாங்கை மட்டும் எண்ணினால் கணக்குத் தவறும். அதுபோல, சிலாங்கூரில் பிறந்தவருக்கு 10 என்ற குறியீடு மட்டுமே உண்டு என்று ஒருவர் எழுதிவிட்டால், 41 முதல் 44 வரையுள்ள சிலாங்கூர் குறியீடுகள் விடுபட்டுவிடும். கணினி பிழை என்று கத்தாது. பட்டியல் வேகமாக வரும்; சில பெயர்கள் மட்டும் அதில் இருக்காது. அது ஓர் உதவித்தொகைப் பட்டியலாக இருந்தால்? விடுபட்டவர் பெஸ்தாரி ஜெயா தோட்டமொன்றில் பிறந்தவராக இருந்தால்?

நாளை இத்தகைய பட்டியல்களை உருவாக்கப் போகிறவர்கள் நீங்கள்தான். ஒரு விதியை எழுதும் முன், "இதற்கு விதிவிலக்கு ஒன்றாவது உண்டா?" என்று கேளுங்கள். இல்லை என்று உறுதியான பிறகே கணினியிடம் ஒப்படையுங்கள்.