போகலாம், ஆனா சொல்லிட்டுப் போகணும்

சின்ன ஏர்லைன்ஸ் பைலட் பெரிய கம்பெனிக்கு மாறலாமா? தாராளமா மாறலாம். நம்ம தஞ்சாவூர் பக்கம் எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்வார்: நாற்றங்காலிலேயே முத்திப்போன நாற்றை நட்டால் சரியாகத் தூர் கட்டாது. நல்ல சம்பளம், பெரிய விமானம் என்று ஆசைப்படுவதில் தப்பே இல்லை.

எப்படிப் போகிறோம் என்பதுதான் கேள்வி. 2022-ல் பறக்கத் தொடங்கிய ஆகாசா ஏரிலிருந்து அடுத்த வருஷமே 43 பைலட்டுகள் நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் கிளம்பினார்கள். விமானங்கள் ரத்தாகின, கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. உடனே வேறு ஆளைப் போட முடியாதா? ஏர்பஸ் ஓட்டியவரை அப்படியே போயிங் 737-ல் உட்கார வைக்க முடியாது. அந்த விமானத்துக்கென்று தனியாகப் பயிற்சி எடுத்து டைப் ரேட்டிங் வாங்கணும். அதனால்தான் டிஜிசிஏ 2017-ல் கேப்டனுக்கு ஒரு வருஷம், கோ-பைலட்டுக்கு ஆறு மாசம் நோட்டீஸ் என்று விதி போட்டது.

ஒரு வருஷம் அதிகம்தான். அதைக் குறைக்கச் சொல்லிப் பைலட்டுகள் கேட்பது நியாயம். ஆனால் பாதியில் விட்டுப் போனால் அடி வாங்குவது முதலாளி மட்டுமல்ல. சென்னையில் ஒரு விமானம் ரத்தானால் அடுத்தது இருக்கும். சின்ன ஊருக்கு? சேலத்துக்கு 2018-ல் ட்ரூஜெட் வந்தது. வேறு காரணங்களால் 2021-ல் அது நின்றதும், 2023 வரை அந்த ஊருக்கு விமானமே இல்லை.

பிளேஸ்மென்ட் முடிந்து வேலைக்குப் போகும் நமக்கும் இதே கேள்வி வரும். தாராளமா மாறுங்க. கையில் இருக்கிற வேலையை அடுத்த ஆளிடம் ஒப்படைச்சுட்டு மாறுங்க.