விழா முடிந்த பிறகு பேச ஒரு மொழி வேண்டும்

பிரான்ஸின் வடமேற்கில், அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலம் பிரிட்டனி. பிரிட்டன் வேறு, பிரிட்டனி வேறு. ஆனால் சுமார் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அந்தத் தீவிலிருந்து கடல் கடந்து வந்து குடியேறியவர்களின் பெயரையும் மொழியையும் இந்த நிலம் இன்றும் தாங்கி நிற்கிறது. கோடை வந்தால் இதன் துறைமுகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழாக்கோலம் பூணும். கெம்பேர் நகரில் 1923-ல் தொடங்கிய கோர்னுவாய் விழா ஜூலையில் நடக்கிறது. 1971-ல் லோரியானில் தொடங்கிய கெல்டிக் கூட்டு விழாவுக்கு ஆகஸ்டில் அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் முதல் ஸ்பெயினின் கலீசியா வரையிலான கலைஞர்கள் வந்து பத்து நாட்கள் தங்குகிறார்கள். பார்க்கப் பல லட்சம் பேர் கூடுகிறார்கள். பிரெஸ்த் துறைமுகம் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பாய்மரக் கப்பல்களால் நிறைகிறது. இத்தனை கோலாகலத்துக்கு நடுவே, இந்த மக்களின் தாய்மொழியான பிரெத்தோன் பேசுவோரின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு சரிந்துகொண்டே போகிறது. பண்பாடு கொண்டாடப்படுகிறது, அதன் மொழி சாகிறது. இந்த முரண்பாட்டுக்கு விழாக்கள் காரணமல்ல. விழா இல்லாத மாதங்களில் எதற்கு இடம் கொடுத்தார்கள், எதற்குக் கொடுக்கவில்லை என்பதே காரணம் என்று நான் கருதுகிறேன்.

முதலில், பிழைத்துக்கொண்டதைப் பார்ப்போம். பிரெத்தோன் கிராமங்களில் திருமணத்துக்கும் நடனத்துக்கும் இருவர் சேர்ந்து வாசிப்பது வழக்கம். ஒருவர் பொம்பார்த் ஊதுவார். அது நம் நாகஸ்வரத்தைப் போலவே சீவாளி பொருத்தி வாசிக்கும் குழல். மற்றவர் பினியூ எனும் சிறிய பேக்பைப்பை வாசிப்பார். 20-ம் நூற்றாண்டின் முதல் பாதியில், அக்கார்டியனும் நகரத்து நடனங்களும் வந்த பிறகு, இந்த ஜோடிக் கலைஞர்கள் அருகிப்போனார்கள். 1940-களில் போலிக் மோன்ஜாரே உள்ளிட்ட இளைஞர்கள் வாத்தியக்காரர்களுக்கென்று ஒரு சங்கம் கண்டார்கள். ஸ்காட்லாந்து பேக்பைப் குழுக்களைப் பார்த்து, பொம்பார்த், பேக்பைப், முரசு மூன்றும் சேர்ந்த ‘பகாத்’ என்ற குழு வடிவத்தை உருவாக்கினார்கள். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட பகாத் குழுக்கள் இருக்கின்றன. அவை ஐந்து பிரிவுகளாகப் போட்டியிடுகின்றன. நன்றாக வாசித்தால் மேல் பிரிவுக்கு ஏறலாம், தவறினால் கீழே இறங்க வேண்டும். முதல் பிரிவின் ஒரு சுற்று குளிர்காலத்தில் பிரெஸ்தில் நடக்கிறது. இறுதிச் சுற்று ஆகஸ்டில் லோரியானில். அன்று மேடையில் கேட்கும் சில நிமிட இசைக்காகப் பள்ளி மாணவரும் ஆசிரியரும் மீனவரும் தச்சரும் அதற்கு முந்தைய இலையுதிர் காலத்திலிருந்தே வாரந்தோறும் கூடிப் பயிற்சி செய்திருப்பார்கள். சிறுவர்களுக்குக் கற்றுத்தரும் பொறுப்பும் அந்தக் குழுக்களுடையதே. லோரியானில் கோடையில் ஒலிக்கும் இசை ஆண்டு முழுவதும் தயாராகிக்கொண்டிருக்கிறது.

படகுகளின் கதையும் இதுதான். மோட்டார் படகுகள் வந்தபின் பழைய மரப்படகுகளைக் கழிமுகச் சேற்றில் மட்கவிட்டார்கள். அவற்றைக் கட்டத் தெரிந்த ஓடாவிகளும் ஒவ்வொருவராக மறைந்தார்கள். 1981-ல் துவார்னெனே ஊரில் தொடங்கிய ‘ல ஷாஸ்-மாரே’ என்ற இதழ் மீனவர்களின் படகுகளையும் பாடல்களையும் வரலாறாக மதித்து எழுதத் தொடங்கியது. 1986-லும் 1988-லும் துவார்னெனேயில் பழைய படகுகளின் பெருங்கூட்டம் கூடியது. பிறகு 1992-ல் பிரெஸ்தில் நடக்கவிருந்த விழாவை முன்வைத்து, அந்த இதழ் பிரான்ஸின் கடலோர ஊர்களுக்கு ஓர் அறைகூவல் விடுத்தது: உங்கள் ஊரின் பழைய தொழிற்படகைப் புதிதாகக் கட்டிக்கொண்டு வாருங்கள். ஊர்ச் சங்கங்கள் மட்கிய படகுகளை அளந்தன. ஓய்வுபெற்ற ஓடாவிகளைத் தேடிப் பிடித்தன. பாய் தைப்பவர்களிடம் இளைஞர்களை அனுப்பின. சிங்கி இறால் பிடிப்போரின் ஊரான கமாரே, பெல்-எத்வால் என்ற படகைக் கட்டியது. பிரெஸ்த் நகரமே 19-ம் நூற்றாண்டுக் கடற்படைக் கப்பல் ஒன்றின் வடிவில் லா ரெகூவ்ரான்ஸைக் கட்டி மிதக்கவிட்டது. அந்த ஜூலையில் சுமார் 2,000 படகுகள் பிரெஸ்தில் கூடின. கூட்டம் கலைந்த பிறகும் கட்டிய படகுகள் இருந்தன. கட்டக் கற்றுக்கொண்ட கைகளும் இருந்தன. விழா ஒரு கெடு விதித்தது; கெடுவுக்குள் முடிக்க வேண்டிய வேலைதான் மறையவிருந்த தொழில்நுட்பத்தைக் காப்பாற்றியது.

‘ஃபெஸ்த்-நோஸ்’ எனும் இரவு விழா இவற்றைவிட எளிமையானது. அங்கே பார்வையாளருக்கென்று தனி இடமில்லை. வந்தவர்கள் கைகோத்து வட்டமாக ஆடுகிறார்கள். பழைய காலத்தில் அறுவடை வேலை முடிந்த இரவில் நடந்த இந்தக் கூடுகை, 1950-களில் லோயிஸ் ரோபார்ஸ் போன்றவர்களின் முயற்சியால் ஊர் மண்டபங்களில் மறுபிறவி எடுத்தது. 2012-ல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தபோது, ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் ஃபெஸ்த்-நோஸ் நடப்பதாகப் பதிவானது. இதன் உயிர் ‘கான் ஹா திஸ்கான்’ என்ற பாட்டுமுறை. ஒருவர் ஓர் அடியைப் பாடுவார். அந்த அடியின் கடைசி அசைகளிலேயே மற்றவர் குரல் சேர்த்து, அதே அடியைத் தான் எடுத்துப் பாடுவார். அவருடைய கடைசி அசைகளில் முதலாமவர் மீண்டும் சேர்ந்து அடுத்த அடிக்குப் போவார். இடையில் ஒரு மூச்சு அளவும் இடைவெளி விழாது. ஆடுவோரின் கால்களும் நிற்காது. அந்தப் பாடல்கள் பிரெத்தோன் மொழியில் இருக்கின்றன.

சிக்கல் அந்த மொழியில்தான் இருக்கிறது. 1950 வாக்கில் சுமார் பத்து லட்சம் பேர் பிரெத்தோன் பேசினார்கள். 2018-ல் எடுத்த கணக்கெடுப்பில் இது இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல்; 2024-ல் எடுத்த கணக்கெடுப்பில் சுமார் 1,07,000. ஆறே ஆண்டுகளில் பாதி. பேசியவர்களில் பெரும்பாலானோர் முதியவர்கள். அவர்களோடு மொழியும் கல்லறைக்குப் போகிறது. இசைக்கும் படகுக்கும் கிடைத்த மறுவாழ்வு மொழிக்கு ஏன் கிடைக்கவில்லை? பகாத் குழு நடத்த ஒரு மண்டபமும் ஒரு சங்கமும் போதும். படகு கட்ட ஒரு பட்டறையும் நன்கொடையும் போதும். மொழிக்கு வேண்டியது குழந்தையின் நாள் முழுவதும். அந்த நாளின் பெரும்பகுதி பள்ளியில் கழிகிறது. பள்ளியோ அரசின் கையில் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பள்ளியில் பிரெத்தோன் பேசிய குழந்தையின் கழுத்தில் மரச்செருப்பு போன்ற ஒரு பொருளைத் தொங்கவிட்டு அவமானப்படுத்தினார்கள். அடுத்து வாய்தவறித் தாய்மொழி பேசும் குழந்தைக்கு அது கைமாறும். அப்படி வளர்ந்தவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் பிரெத்தோன் பேசத் தயங்கினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் வீடுகளில் அந்தச் சங்கிலி அறுந்துபோனது.

அவமானப்படுத்தும் வழக்கம் மறைந்தது. சட்டம் மனம் மாறவில்லை. 1992 ஜூன் மாதம், பிரெஸ்தில் அந்த 2,000 படகுகள் பாய் விரிக்கச் சில வாரங்களே இருந்தபோது, ‘குடியரசின் மொழி பிரெஞ்சு’ என்ற வாசகம் பிரான்ஸின் அரசியல் சட்டத்தில் சேர்ந்தது. ஆங்கிலத்தின் செல்வாக்கை எதிர்கொள்ளவே என்று அப்போது சொல்லப்பட்ட இந்த வாசகம், நாட்டுக்குள் இருக்கும் சிறு மொழிகளுக்கு எதிராகத் திரும்பத் திரும்பப் பயன்பட்டது. வட்டார மொழிகளுக்கான ஐரோப்பிய சாசனத்தில் 1999-ல் பிரான்ஸ் கையெழுத்திட்டது; அரசியல் சட்டத்துக்கு முரண் என்று அரசியல் சட்ட மன்றம் சொன்னதால் அது நடைமுறைக்கு வரவில்லை. 2008-ல் வட்டார மொழிகள் பிரான்ஸின் மரபுச் செல்வம் என்று அரசியல் சட்டத்தில் எழுதினார்கள். 2021-ல், பிரெத்தோன் மக்களின் பிரதிநிதியான போல் மோலாக் கொண்டுவந்த சட்டத்தை நாடாளுமன்றம் பெரும்பான்மையுடன் நிறைவேற்றியது. எல்லாப் பாடங்களையும் வட்டார மொழியிலேயே கற்பிக்கும் முறைக்கு அது பொதுப்பள்ளியில் இடம் தந்தது. அந்தப் பகுதியை அரசியல் சட்ட மன்றம் மே மாதத்தில் ரத்து செய்தது. மரபுச் செல்வம் என்று போற்றும் ஒன்றுக்கு வகுப்பறையில் முழு இடம் தர மறுப்பது, அதைக் காட்சிப் பெட்டிக்குள் வைப்பதற்கு ஒப்பாகும்.

இந்த விழாக்களே செயற்கையானவை, சுற்றுலாப் பயணிகளுக்காகப் பின்னாளில் புனைந்தவை என்று சொல்வோர் உண்டு. பகாத்தின் வடிவம் ஸ்காட்லாந்திலிருந்து வந்தது உண்மை. லோரியானும் தொன்மையான பிரெத்தோன் ஊர் அல்ல. 1666-ல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கட்டுவதற்காக எழுப்பிய துறைமுகம் அது. ‘கிழக்கு’ என்பதே அதன் பெயர். புதுச்சேரியில் ஏற்றிய சோழமண்டலக் கரைத் துணிகள் 18-ம் நூற்றாண்டில் லோரியானில்தான் இறங்கி ஏலம் போயின. 1943-ன் குண்டுவீச்சில் அந்த நகரம் ஏறக்குறைய தரைமட்டமானது. மறுபடி கட்டிய நகரத்துக்கு 1971-ல் வந்ததே இந்த விழா. ஆனால் ஒரு மரபு எவ்வளவு பழையது என்று கேட்பதைவிட, யார் கையில் இருக்கிறது என்று கேட்பதே பயனுள்ளது. லோரியான் விழாவை நடத்துவதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் பங்கெடுக்கிறார்கள். கோன்கார்னோவின் ‘நீல வலை’ விழா 1905-ல் தொடங்கியது. மத்தி மீன் பாடு இல்லாமல் பட்டினி கிடந்த மீனவக் குடும்பங்களுக்கு நிதி திரட்டவே அதைத் தொடங்கினார்கள். மத்தி பிடிக்கும் நீலநிற வலைதான் அந்தப் பெயருக்குக் காரணம். வேண்டிய நேரத்தில், வேண்டியவர்களே செய்துகொண்ட ஒன்றைப் பொய் என்று தள்ள முடியாது. அவர்கள் வேறிடத்திலிருந்து எடுத்ததைத் தமதாக்கினார்கள். உயிருள்ள பண்பாடுகள் எல்லாம் அப்படித்தான் வளர்ந்திருக்கின்றன.

இசையும் நடனமும் படகும் வாழ்ந்தால் போதாதா, மொழி எதற்கு என்பது அடுத்த கேள்வி. பிரிட்டனியின் கிழக்குப் பாதியில் மக்கள் பேசியது பிரெஞ்சுக்கு நெருக்கமான காலோ மொழி. அவர்களும் பிரெத்தோன் மக்களே என்பதை மறுக்க முடியாது. ஆனால் இந்த வாதம் ஒரு மொழிக்குப் பதில் இரண்டு மொழிகளுக்கு இடம் கேட்கிறதே தவிர, ஒன்றும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கான் ஹா திஸ்கான் பாடலின் தாளம் பிரெத்தோன் சொல்லின் அசையிலிருந்து பிறக்கிறது. பொருள் தெரியாமல் பாடினால் தாளம் கொஞ்ச காலம் நிற்கும். புதிய பாடல் பிறக்காது. நாட்டின் ஒற்றுமைக்கு ஒரே மொழி தேவை என்ற வாதமும் இங்கே பொருந்தாது. பிரெத்தோன் பேசும் எவருக்கும் பிரெஞ்சு தெரியும். பிரெத்தோன் பள்ளியில் படிக்கும் குழந்தையும் பிரெஞ்சு கற்றுக்கொண்டுதான் வெளியே வருகிறது. மொழியைக் கைவிட்டது பெற்றோர்தானே என்று கேட்டால், கைவிட வைத்த பள்ளிதான் கைகொடுக்கவும் வேண்டும் என்பதே நேர்மையான பதில்.

அதற்கான வழியை இசையே ஒருமுறை காட்டியிருக்கிறது. 1972-ல் பாரிஸின் ஒலிம்பியா அரங்கில் இசைக்கலைஞர் அலன் ஸ்டிவெல் நடத்திய கச்சேரி பிரெத்தோன் இசையை ஒரு தலைமுறையின் பெருமையாக்கியது. ஐந்தே ஆண்டுகளில், 1977-ல், பெற்றோர் சிலர் சேர்ந்து எல்லாப் பாடங்களையும் பிரெத்தோனில் கற்பிக்கும் முதல் ‘திவான்’ பள்ளியைத் தொடங்கினார்கள். இன்று அந்தப் பள்ளிகளிலும் இருமொழி வகுப்புகளிலும் சேர்த்துச் சுமார் 20,000 பிள்ளைகள் படிக்கிறார்கள். 2008 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ‘ரெதாதெக்’ என்ற தொடரோட்டம் நடக்கிறது. சுமார் 2,000 கிலோமீட்டர் தூரத்தை, ஒவ்வொரு கிலோமீட்டராக மக்கள் விலைகொடுத்து வாங்கி ஓடுகிறார்கள். அந்தப் பணம் மொழிப் பணிகளுக்குப் போகிறது. கோடை விழாக்களுக்கு வேண்டியது இந்தப் பிணைப்பே. ஒவ்வொரு பெருவிழாவும் தன் வருவாயில் ஒரு பங்கை மொழி வகுப்புகளுக்கு ஒதுக்கலாம். பகாத் பயிற்சியைப் பிரெத்தோனில் நடத்தலாம். ஆனால் 20,000 பிள்ளைகளை இரண்டு லட்சமாக்கும் வலிமை எந்தச் சங்கத்துக்கும் கிடையாது. அது 2021-ல் மூடிய கதவை அரசியல் சட்டத் திருத்தத்தால் திறக்கக்கூடிய பாரிஸின் கையில் இருக்கிறது. பிரிட்டனியின் மக்கள் தங்கள் அடியைப் பாடிவிட்டார்கள். கான் ஹா திஸ்கானில் முதல் பாடகரோடு குரல் சேர்க்கக் கிடைக்கும் நேரம் சில அசைகள்தான். மற்றவர் அதற்குள் சேர்ந்துகொள்ளாவிட்டால் வட்டம் நின்றுவிடும். 1,07,000 என்ற எண், அந்தச் சில அசைகள் கடந்துகொண்டிருப்பதைச் சொல்கிறது.