மூடிய பெட்டியைத் திறக்கச் சொல்கிறவர்

பிரசன்ன விதானகே வம்புக்குப் படம் எடுக்கிறவர் என்ற பேச்சு நீண்ட காலமாக இருக்கிறது. 1962இல் பாணந்துறையில் பிறந்தவர். பெர்னாட் ஷாவையும் டாரியோ ஃபோவையும் சிங்கள மேடைக்குக் கொண்டுவந்துவிட்டு, 1992இல் ‘சிசில கினி கனி’யோடு சினிமாவுக்கு வந்தார். அவருடைய படங்களில் வம்பைத் தேடினால் கோஷமோ கைநீட்டிக் குற்றம் சாட்டும் வசனமோ அரிதாகத்தான் அகப்படும். தன் சொந்தச் சனம் மூடிவைத்ததைத் திறந்து காட்டும்படி அந்தச் சனத்திடமே கேட்கிறார். பொறுக்க முடியாமல் போவது அதுதான். 1997இல் வந்த ‘புறஹந்த களுவர’வில், இராணுவத்தில் இருந்த மகனின் சடலம் என்று முத்திரையிட்ட பெட்டியொன்று வறண்ட கிராமத்துக்கு வருகிறது; திறக்கக் கூடாது என்பது கட்டளை. கண் தெரியாத தகப்பன் வன்னிஹாமி, மகன் இறந்ததாக ஒப்புக்கொள்ள மறுக்கிறார். நட்டஈட்டுப் பத்திரத்தில் கையொப்பம் வைக்கவும் மறுக்கிறார். வீட்டிலும் ஊரிலும் எல்லோரும் அந்தக் கையொப்பத்துக்காகக் காத்திருக்க, கிழவர் போய்ப் புதைகுழியைத் தோண்டுகிறார். பெட்டிக்குள் இருப்பது வாழைக்குற்றியும் கல்லும். அவருக்குத்தான் கண் தெரியாது. அதைப் பார்த்தது கூட நின்ற ஊர்.

2000 ஏப்ரலில் ஆனையிறவு இராணுவத் தளம் புலிகளிடம் விழுந்தது. அந்த வருடமே, படையினரின் மனம் தளரும் என்று சொல்லி அரசாங்கம் இந்தப் படத்தை நிறுத்தியது. விதானகே உயர் நீதிமன்றம் போனார். 2001இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. இவர் வெளிநாட்டு விழாக்களுக்காகப் படம் எடுக்கிறவர் என்ற குற்றச்சாட்டுக்கு அதன்பிறகு நடந்ததே பதில். திரைக்கு வந்த படத்தை, பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிய அதே சிங்களச் சனம் திரண்டு பார்த்தது. தங்களை இழிவுபடுத்துகிறவரின் படத்தை யாரும் காசு கொடுத்து அப்படிப் பார்ப்பதில்லை. வன்னிஹாமியாக நடித்த ஜோ அபேவிக்ரமவின் முகத்தில் அவர்கள் தங்கள் தகப்பன்மாரைக் கண்டிருக்க வேண்டும்.

நமக்கு நெருக்கமான படம் 2003இல் வந்த ‘இர மதியம’. மூன்று கதைகள் அதில் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. காணாமற்போன விமானி கணவனைத் தேடும் சிங்களப் பெண். விடுமுறையில் வந்து, அநுராதபுரத்து விலைமாதர் விடுதியில் தன் தங்கையைக் காணும் சிப்பாய். ஊரைவிட்டு வெளியேறும்படி புலிகள் கட்டளையிட, தன் நாயை விட்டுப் பிரிய மாட்டாத அரபாத் என்ற பதினொரு வயது முஸ்லிம் சிறுவன். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட 75,000 அளவான நம் முஸ்லிம் மக்களின் துயரத்தைப் பெரிய திரைக்குக் கொண்டுவந்தவர் ஒரு சிங்களவர். இதற்கும் ஆட்சேபம் உண்டு. நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்து கழுவ வேண்டும் என்ற ஷாபிஈ வழக்கத்தில் வளர்ந்த வீட்டில் நாய்ப்பாசமா, இவருக்கு நம்மைத் தெரியாது என்று சொல்லலாம். எனக்கோ அந்த நாய்ப்பாசமே படத்தின் பலமாகத் தெரிகிறது. வீடும் வளவும் தோணியில் ஏறாது என்று பெரியவர்களுக்குத் தெரியும். பெரியவர்கள் கணக்கிலேயே எடுக்காத ஒன்றுக்காகச் சிறுவன் அழும்போதுதான் விட்டுப்போவது என்னவென்று உறைக்கிறது. புலிகளின் கட்டளைக்குப் பின்னால் இருந்த அரசியலைப் படம் ஆழமாகத் தொடவில்லை. அது குறைதான், மறைக்க வேண்டியதில்லை.

சென்னையில் எழுந்த ஆட்சேபம் வேறு வகை. தஸ்தயேவ்ஸ்கியின் குறுநாவல் ஒன்றைத் தழுவிய ‘ஒப நத்துவ ஒப எக்க’ (2012), மலைநாட்டில் அடகுக் கடை நடத்தும் முன்னாள் சிப்பாய்க்கும் செல்வி என்ற தமிழ்ப் பெண்ணுக்கும் நடந்த கல்யாணத்தின் கதை. 2014 ஜூனில் மிரட்டலுக்குப் பயந்து சென்னைத் திரையரங்குகள் அதை எடுத்துவிட்டன. சிங்களவன் நல்லவன் என்று வெள்ளையடிக்கிறார் என்பது சந்தேகம். படத்தைப் பார்த்தவருக்கு அந்தச் சந்தேகம் நிற்காது. தமிழ்ச் சிறுமியொருத்திக்கு நேர்ந்த கொடுமையில் தன் கூட்டாளிகளைக் காப்பாற்றப் பொய்ச்சாட்சி சொன்னவன் அந்தச் சிப்பாய். அவனுடைய அன்பு உண்மையானது; ஆனாலும் செல்வியை அது உயிரோடு வைக்கவில்லை.

இதையெல்லாம் இந்தக் கிழக்குக் கரையோரத்தில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் கொல்லப்பட்டவர்களை வருடாவருடம் நினைவுகூர்கிறோம், நினைவுகூரவும் வேண்டும். அதே ஆகஸ்டில் வீரமுனைக் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டார்கள். அதில் முஸ்லிம் ஊர்காவல் படையினருக்குப் பங்கிருந்தது என்று தமிழர் இன்றுவரை சொல்கிறார்கள். அதை நாம் எந்த மேடையில் எடுத்துப் பேசினோம்? ஆறின புண்ணைக் கிளறினால் உறவு கெடும் என்பார்கள். பெரியநீலாவணைக்கும் பாண்டிருப்புக்கும் நடுவே கிடக்கும் மருதமுனைக்கு அது சின்னப் பயமல்ல. இரண்டு பக்கமும் தமிழ் ஊர், நடுவே ஒரே வீதி. ஆனால் பக்கத்து ஊரில் அந்தப் புண் ஆறியதாக நமக்கு யார் சொன்னது? ‘புறஹந்த களுவர’ சிங்களச் சமூகத்தைப் பலவீனப்படுத்தவில்லை. நம் ஊர்களில் கவிஞருக்குப் பஞ்சமில்லை; கையில் கமெரா பிடித்த இளைஞரும் இப்போது இருக்கிறார்கள். 1990ஐப் பற்றி அவர்களில் ஒருவர் படம் எடுப்பார் என்று நம்புகிறேன். அதன் முதற்காட்சி வீரமுனையில் இருக்கட்டும்.