தீவு தீவாப் போய்க் குளவி எண்ணுறது வெட்டி வேலையா?

போன வாரம் எங்க அக்கா மகன் சென்னையில இருந்து வந்திருந்தான். கயித்துக் கட்டில்ல படுத்துக்கிட்டு போனைப் பார்த்துட்டிருந்தவன், "மாமா, எங்கயோ தீவு தீவாப் போய்க் குளவி புடிச்சு, எந்தத் தீவுல எந்தக் குளவி இருக்குதுன்னு பட்டியல் போடறாங்களாம். இதுக்கெல்லாம் ஒரு சம்பளம்!"னு சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரல. அந்த மாதிரி பட்டியல் போட்டவங்களாலதான் எங்க மல்பெரித் தோட்டம் இன்னைக்கும் நிக்குது.

2008-ல கோயமுத்தூர்ப் பக்கம் பப்பாளியில புதுசா ஒரு மாவுப்பூச்சி தெரிஞ்சது. அடுத்த வருசமே எங்க ஊருக்கும் வந்துட்டது. பப்பாளி, மல்பெரி, குச்சிக்கிழங்கு, கத்திரி, வரப்புல இருந்த பார்த்தீனியம்னு எதையும் விடல. தண்டெல்லாம் வெள்ளை வெளேர்னு பஞ்சு அப்பின மாதிரி ஆச்சு, கொழுந்து சுருண்டு போச்சு. பூச்சி மேல மெழுகு இருக்கிறதால அடிக்கிற மருந்து உள்ள இறங்காது. மருந்து அடிச்ச தழையைப் பட்டுப்புழுவுக்குப் போடவும் முடியாது, புழு செத்துரும். ரெண்டு பேட்ச் வளர்க்காம மனையைப் பூட்டிப் போட்டேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் மல்பெரியை வேரோட தோண்டியே எறிஞ்சுட்டார்.

மருந்துக்கடையில கேட்டா, "எல்லாம் மாவுப்பூச்சிதான், இதை அடிங்க"ன்னாங்க. தப்பு அங்கதான். பருத்தியில வந்த மாவுப்பூச்சி வேற, இது வேற. நம்ம கண்ணுக்கு ரெண்டும் வெள்ளைதான். ஆனா அதைத் தின்னுற குளவி வேற, இதைத் தின்னுற குளவி வேற. பேர் தப்பாச்சுன்னா வைத்தியமும் தப்பாயிரும்.

இந்தப் பூச்சிக்குச் சொந்த ஊர் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். அங்க இது பெரிய தொல்லை இல்ல. 1992-ல தான் இதுக்கு முறையாப் பேர் வெச்சாங்க. கொஞ்ச வருசத்துல செயின்ட் மார்ட்டின் தீவுல தெரிஞ்சது. அப்புறம் கரீபியன் கடல்ல பத்துத் தீவுக்கு மேல பரவிட்டது. காயோடயும் செடியோடயும் பூச்சி கப்பல் ஏறிடுது, அதைக் கட்டுப்படுத்துற குளவி ஊர்லயே நின்னு போகுது. தீவுக்காரங்க பட்ட பாடும் அதுதான், பின்னாடி நாங்க பட்ட பாடும் அதுதான்.

பூச்சிக்குச் சரியான பேர் இருந்ததால அதோட ஊர் எதுன்னு தெரிஞ்சது. ஊர் தெரிஞ்சதால குளவியை எங்க தேடறதுன்னு தெரிஞ்சது. 1999-ல தொடங்கி மெக்சிகோவுல இருந்து குளவிகளைக் கொண்டு வந்து, போர்ட்டோ ரிக்கோ, டொமினிகன் குடியரசுல எல்லாம் விட்டாங்க. அப்புறம் பசிபிக் கடல்ல இருக்கிற குவாம், பலாவ் தீவுகளுக்கும் அனுப்பினாங்க. அதுல ரெண்டு வகைக்கு அதுவரைக்கும் பேரே கிடையாது. ஜான் நோய்ஸ், மைக்கேல் ஷாஃப்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 2003-ல தான் பேர் வெச்சாங்க. ஒண்ணு அசிரோபேகஸ் பப்பாயே. உடம்பு ஒரு மில்லிமீட்டர் கூட வராது, மனுசனைக் கொட்டாது.

போர்ட்டோ ரிக்கோவுல இருந்துதான் 2010 ஜூலையில இந்த ரெண்டையும் சேர்த்து மூணு வகைக் குளவி பெங்களூருக்கு வந்தது. அங்க சோதனை பண்ணி, பெருக்கி, நம்ம தமிழ்நாட்டுக்கும் கொடுத்தாங்க. எங்களுக்குச் சின்னப் புட்டியில கொடுத்தப்போ, கொசுவை விடச் சின்னதா இருக்கிற இது என்னத்தப் பண்ணப் போகுதுன்னு நானும் சிரிச்சவன்தான். அது மாவுப்பூச்சி உடம்புக்குள்ளயே முட்டை வெச்சிரும். உள்ள பொரிக்கிற புழு பூச்சியைத் தின்னு தீர்த்துட்டு, ஓட்டை போட்டு வெளிய வரும். கொஞ்ச மாசத்துல கொழுந்து நிமிர்ந்தது. மறுபடி மனையைத் திறந்தேன்.

வெளிநாட்டுப் பூச்சியைக் கொண்டாந்து விடலாமான்னு கேட்டா, அது நியாயமான கேள்வி. கண்டதையும் கொண்டு வந்து விடக் கூடாது. இந்தக் குளவி எதைத் தின்னும், எதைத் தொடாதுன்னு முதல்ல தெரியணும். அதைச் சொல்றதுக்கும் குளவியை வகை பிரிக்கத் தெரிஞ்ச ஆள்தான் வேணும். ஒரு பூச்சிக்குப் பேர் வைக்கிற அன்னைக்கே அதனால என்ன லாபம்னு கேட்டா யாரும் பதில் சொல்ல முடியாது. எங்க தோட்டத்துக்கு வேண்டியிருந்த பதில், உலகத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு தீவுல இருந்து வந்தது. அதனால இந்த வேலைக்குக் கொடுக்கிற சம்பளம் வீண் செலவு இல்லைங்க. ஊருக்கு ஒரு மருந்துக்கடை இருக்குது. பூச்சியைப் பார்த்து இது இன்னதுன்னு சரியாப் பேர் சொல்ற ஆள் ஜில்லாவுக்கு ஒருத்தராவது வேணும்னு நாமதான் கேட்கணும்.

உங்க மாடியில செம்பருத்திச் செடியில வெள்ளையாப் பூச்சி அப்பியிருந்தா, உடனே மருந்தைத் தூக்காதீங்க. கிட்டப் போய்ப் பாருங்க. பழுப்பா உப்பிப் போயி, முதுகுல ஊசி முனை மாதிரி ஓட்டை இருந்தா, குளவி ஏற்கெனவே வந்து வேலையைத் தொடங்கிட்டுதுன்னு அர்த்தம். அது மேல மருந்தை அடிச்சுக் கொன்னுடாதீங்க. மருமகன்கிட்டயும் இதைச் சொல்லித்தான் பஸ் ஏத்தி விட்டேன்.