யார் வீடு என்று கேட்டு முடிப்பதற்குள்

ஆயர் ஈத்தாம் ஆற்றோரம் சஃபோக் ஹவுஸ் என்றொரு மாளிகை நிற்கிறது. பினாங்கில் கும்பெனிக் கொடியை ஏற்றிய பிரான்சிஸ் லைட் மிளகுத் தோட்டம் போட்ட நிலம் அது. 1794இல் லைட் இறந்தார். தம்மோடு வாழ்ந்து பிள்ளைகள் பெற்ற மார்ட்டினா ரோசெல்சுக்கு அந்தத் தோட்டத்தை உயிலில் எழுதியிருந்தார். அவர் கையில் அது நிலைக்கவில்லை. பின்னாளில் ஆளுநர் பொறுப்பில் இருந்த வில்லியம் ஃபிலிப்ஸிடம் போய்ச் சேர்ந்தது. இன்றுள்ள மாளிகை அவர் காலத்தது. அதன்பின் பல கை மாறி, 20ஆம் நூற்றாண்டில் மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளியின் வகுப்பறைகளானது. 1970களில், பிள்ளைகளை உள்ளே விட முடியாத அளவுக்குக் கட்டடம் தளர்ந்துபோயிற்று. கூரை சரிந்து, சுவரில் மரம் முளைத்து, கால் நூற்றாண்டு அப்படியே கிடந்தது.

அதை மீட்டது ஒரு குடும்பம் அல்ல. அரசு தனியாக மீட்டதும் அல்ல. திருச்சபை கட்டடத்தை விட்டுக்கொடுத்தது. மாநில அரசு மாற்று நிலம் தந்தது. மரபுக் காப்பு அமைப்புகள் விடாமல் குரல் கொடுத்தன, வங்கி நன்கொடை வந்தது. கட்டடக் கலைஞர் லாரன்ஸ் லோ பொறுப்பேற்றுச் செய்த மீட்புப் பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது.

அதே மாநிலத்தில், நிபோங் திபாலில், இன்னொரு தோட்டத்து மாளிகை இருக்கிறது. தொண்ணூற்றொன்பது கதவு மாளிகை என்பார்கள். கலிடோனியா தோட்டத்து ராம்ஸ்டன் குடும்பத்தின் வீடு. 1948இல் ஜான் ராம்ஸ்டன் அங்கே சுட்டுக்கொல்லப்பட்டார். இன்று பேய்க்கதை தேடி வருபவர்களுக்குத்தான் அந்த வீடு பயன்படுகிறது. அந்த வட்டாரத்தில் முதலில் கரும்பையும் பிறகு ரப்பரையும் வளர்த்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். துரை வீட்டுக்காவது ஒரு கதை மிஞ்சியது. லயத்து வீடுகளுக்கு அதுவும் இல்லை.

ஜார்ஜ்டவுனின் சூலியா தெரு இந்த இரண்டு வீடுகளில் எதன் வழியில் போகப் போகிறது?

ஆரம்பத்தில் மலபார் தெரு என்றுதான் இதற்குப் பெயர். ஆண்டுதோறும் சோழமண்டலக் கரையிலிருந்து 1,300 முதல் 2,000 பேர் வரை வந்து, உழைத்து, நாலு காசு சேர்த்துத் திரும்புகிறார்கள் என்று 1794இல் லைட் எழுதினார். திரும்பாதவர்கள் கட்டிய தெரு இது. தெருவுக்குப் பக்கத்தில் காதர் முகைதீன் 1801இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். கிங் தெரு முனையில் நாகூர் தர்கா. சற்றுத் தள்ளி நூருதீன் குடும்பத்துக் கல்லறை. எட்டிப் பார்த்தால் செட்டியார் கிட்டங்கிகள். தானமாகவும் வக்ஃபாகவும் விடப்பட்ட நிலங்கள் வாரிசுச் சண்டையிலும் நிர்வாகக் குழப்பத்திலும் சிக்கியதால்தான், முகம்மதிய, இந்து அறக்கட்டளைகளுக்கென்று 1905இல் சட்டமே போட வேண்டியதாயிற்று. சொத்துத் தகராறில் நம் முன்னோர் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர்.

பிறகு வந்தது வாடகைக் கட்டுப்பாடு. 1966 சட்டத்தின் நிழலில் அச்சகமும் தையற்கடையும் சாப்பாட்டுக்கடையும் பிழைத்தன. வீட்டுக்காரருக்கோ வந்த வாடகை ஓடு மாற்றவும் போதவில்லை. 2000ஆம் ஆண்டு பிறந்தபோது கட்டுப்பாடு முற்றிலும் நீங்கியது. குடியிருந்தவர்கள் கொத்துக் கொத்தாக வெளியேறினார்கள். வீட்டுக்காரர் பேராசைக்காரர், குடியிருந்தவர் ஓசியில் வாழ்ந்தவர் என்று இன்றும் இரு தரப்பும் பேசிக்கொண்டிருக்கின்றன. இரண்டுமே அநியாயப் பேச்சு. முப்பது ஆண்டுக்கு மேல் பழுதின் செலவை யார் ஏற்பது என்று யாரும் முடிவு செய்யாமல் விட்டதன் விலையைத்தான் இருவரும் கொடுத்தார்கள்.

2008 ஜூலையில் ஜார்ஜ்டவுன் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. அதனால் மட்டும் எந்தச் சுவரும் நிமிர்ந்துவிடாது. இந்தத் தெருவின் பழைய கடைவீடுகளின் சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, செங்கல் உதிரும். மலிவாகச் செய்த பழுதுபார்ப்பு பின்னாளில் கூடுதல் செலவு வைக்கும். ஆனால் முறையான சுண்ணாம்பு வேலைக்கு ஆளும் பணமும் தனி ஒருவரால் திரட்ட முடியாதவை. கூடினால் முடியும். மரபு வட்டாரத்தில் பறவைக்கூடு வளர்ப்பைத் தடுக்கவே முடியாது என்றுதான் ஒரு காலத்தில் சொன்னார்கள். மாநில அரசு 2013 இறுதி வரை கெடு வைத்து அதை வெளியேற்ற முனைந்தபோது, முடியாது என்ற பேச்சு அடங்கிப்போனது.

ஆகவே பங்கு பிரிப்போம். வீட்டுக்காரர் குறுகிய வாடகைக்குப் பதில் நீண்ட குத்தகை தரட்டும். குத்தகைக்கு எடுப்பவர் பழுதுச் செலவில் ஒரு பகுதியை ஏற்கட்டும். இஸ்லாமியச் சமய மன்றமும் இந்து அறப்பணி வாரியமும் தங்கள் சொத்தின் வருமானத்தில் எவ்வளவு அந்தந்தக் கட்டடத்துக்கே திரும்புகிறது என்பதைப் பொதுவில் வைக்கட்டும். மாநகர் கழகம், பழைய வீடுகளில் நடக்கும் விடுதிகளின் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது அந்த வீட்டின் பழுது நிலையையும் அதில் வாழ்ந்த குடும்பங்களின் விவரத்தையும் கேட்கட்டும். அந்தக் குடும்பங்கள் தமிழரா, சீனரா, ஜாவி பெரானாக்கானா என்பது இரண்டாம் பட்சம்.

மிச்சம் நாம். பட்டா, கணக்குப் பேரேடு, கல்யாணப் படம் எல்லாம் இன்னும் வீட்டுப் பெட்டிகளில் இருக்கின்றன. பாதி இங்கே, மறுபாதி கடையநல்லூரிலும் தென்காசியிலும் நாகூரிலும் இராமநாதபுரத்துக் கரையோர ஊர்களிலும். தமிழ்ப்பள்ளி மாணவர்கள் ஒரு விடுமுறையில் தாத்தா பாட்டியரிடம் பேச்சைப் பதிந்து, தாள்களைக் கைப்பேசியில் படமெடுத்தாலே பாதி வேலை முடியும். அசல் அவரவரிடமே இருக்கட்டும். நகல் ஒன்று பொதுவில் சேர்ந்தால் போதும்.