பெட்டிக்கடையைத் தாண்டாத படம்

மாண்புமிகு ஒன்றிய சுகாதாரத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

புகையிலையைப் பற்றிப் பேச எங்கள் திருச்சிக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு. திருச்சிச் சுருட்டு கப்பலேறிச் சீமைக்குப் போன சரக்கு. ஷெர்லக் ஹோம்ஸின் முதல் நாவலில் கொலையாளி பிடிப்பதும் அதைத்தான். ஆகவே உபதேசம் செய்ய வரவில்லை. தங்கள் அமைச்சகம் தந்த வாக்கை நினைவூட்ட மட்டுமே எழுதுகிறேன். அலுவல் மிகுந்தவர்களுக்கு மறதி இயல்பு.

சுனிதா தோமரைத் தங்கள் அமைச்சகம் மறந்திருக்காது. மத்தியப் பிரதேசத்தின் பிண்ட் பகுதியைச் சேர்ந்தவர், இரண்டு பிள்ளைகளின் தாய். புகையிலை மென்று வாய்ப்புற்று வந்தபின், சிதைந்த தம் முகத்தையே 2014இல் அரசின் விளம்பரத்துக்குத் தந்தவர். அந்த அக்டோபரில் அமைச்சகமும் ஒரு வாக்குத் தந்தது: 2015 ஏப்ரல் 1 முதல் புகையிலைப் பொருள்களின் உறைகளில் இருபுறமும் 85 விழுக்காடு பட எச்சரிக்கை. நாள் நெருங்கியதும், புகையிலையால் புற்று வருமென்று காட்டும் இந்திய ஆய்வு ஏதுமில்லை என்றார் இதை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழுவின் தலைவர். வாக்கு தள்ளிப்போனது. மனம் நொந்த சுனிதா பிரதமருக்குக் கடிதம் எழுதினார். பதிலுக்குக் காத்திருக்க அவருக்கு நாள் இல்லை. அதே ஏப்ரல் 1 அன்று, 28 வயதில் இறந்துபோனார். அந்தப் பெரிய படம் வந்தது மறுவருட ஏப்ரலில்.

கேட்டது வருமுன் போய்விட்டவர் சுனிதா மட்டுமல்ல. கனடாவின் ஹெதர் க்ரோ வாழ்நாளில் புகைத்ததே இல்லை. சுமார் நாற்பதாண்டுகள் உணவகங்களில் பரிமாறியவருக்குப் பிறர் விட்ட புகையே நுரையீரல் புற்றாயிற்று. பணியிடங்களில் புகை கூடாதென்று ஊர் ஊராகப் போய்ப் பேசி, 2006 மே 22இல் இறந்தார். ஒன்டாரியோவில் சட்டம் நடைமுறைக்கு வந்தது மே 31இல். அங்கே ஒன்பது நாள், இங்கே ஓராண்டு. அரசு என்றால் தாமதம் இருக்கத்தானே செய்யும் என்று நாங்களும் பொறுத்துக்கொண்டோம்.

பொறுத்த பலனைக் காண ஒருமுறை திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எழுந்தருள வேண்டுகிறேன். பெட்டிக்கடையில் பையன் கேட்பது ஒரே ஒரு சிகரெட். கடைக்காரர் பெட்டியிலிருந்து ஒன்றை உருவித் தருகிறார்; பையன் ஓரத்தில் கனியும் கயிற்றில் பற்றவைத்துக்கொண்டு நகர்கிறான். படம் போட்ட பெட்டி கடையிலேயே இருக்கிறது. சுனிதா கேட்ட 85 விழுக்காட்டையும் தினமும் பார்ப்பவர் கடைக்காரர் ஒருவரே. பேருந்துக்கு நிற்கும் நாங்களோ ஹெதர் க்ரோவைப் போலப் பிறர் புகையைச் சுவாசிக்கிறோம். பொது இடப் புகைக்கான தடை 2008 அக்டோபர் 2 முதல் இருக்கிறது. அபராதம் 200 ரூபாய் வரை. ஒற்றை சிகரெட் விற்பனையை நிறுத்தவும் அபராதத்தை 2,000 ஆக்கவும் தங்கள் அமைச்சகமே ஒரு வரைவு வெளியிட்டு, 2021 ஜனவரியில் எங்கள் கருத்தைக் கேட்டது. கேட்ட பெருந்தன்மைக்கு நன்றி. ஆண்டுகள் கடந்தும் அந்த வரைவு சட்டமாகி எங்கள் கடைத்தெருவுக்கு வந்து சேரவில்லை.

தங்கள் நல்லெண்ணத்தில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஒரு தேதி மட்டும் சொல்லியருளுங்கள். ஏப்ரல் 1 மட்டும் வேண்டாம், ஐயா. அந்த நாளைச் சுனிதாவுக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

இன்னும் காத்திருக்கும்,
ஸ்ரீரங்கத்துக் குடிமகன்