எதனோடு ஒப்பிட்டு?

காலைப் பத்திரிகையைப் பிரித்தால், "விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள்" என்று ஆரம்பமாகும் செய்தி ஒன்றாவது கண்ணில் படாத நாள் இல்லை. காபி இருதயத்துக்கு நல்லது என்று ஒரு நாள் வரும். கெடுதல் என்று மறு வாரம் வரும். இரண்டையும் படித்துவிட்டு, இரண்டு வேளையும் காபியைச் சாப்பிட்டுக்கொண்டே, "இவர்களுக்கு வேறு வேலை கிடையாதா?" என்று பத்திரிகையை மடித்து வைக்கும் குடும்பஸ்தர்கள் அநேகர். வேறு சிலரோ அச்சில் ஏறியதெல்லாம் வேதம் என்று நம்பி, அன்று மாலையே கடைக்கு ஆள் அனுப்புகிறார்கள். இந்த இரு வகையாரும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றை இருவருமே கேட்பதில்லை.

எதனோடு ஒப்பிட்டு? அதுதான் அந்தக் கேள்வி.

ஒரு லேகியத்தைச் சாப்பிட்டதால் பத்து நாளில் ஜலதோஷம் போய்விட்டது என்று ஒருவர் சத்தியம் செய்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் லேகியம் சாப்பிடாத அண்டை வீட்டுக்காரருக்கு எத்தனை நாளில் போயிற்று? அதைத் தெரிந்துகொள்ளாத வரையில், லேகியத்தின் பெருமையும் தெரியாது, சிறுமையும் தெரியாது. தராசுக்குத் தட்டு இரண்டு என்பது மளிகைக் கடைப் பையனுக்குக்கூடத் தெரியும். செய்தி படிக்கும்போது மட்டும் நாம் ஒரே தட்டைப் பார்த்து நிறை சொல்லிவிடுகிறோம்.

இந்த வாரம் பௌதிகம், கட்டட சாஸ்திரம், பொருளாதாரம், வைத்தியம் என்ற நான்கு துறைகளிலிருந்து சில முடிவுகளை எடுத்துக்கொண்டு, இந்த ஒரே கேள்வியை அவற்றிடம் கேட்டுப் பார்ப்போம். எல்லாம் நம் தேசத்திலேயே நடந்த ஆராய்ச்சிகள். அவற்றுள் ஒன்று நாம் வசிக்கும் வேப்பம்பட்டைச் சுற்றியுள்ள பிரதேசத்திலேயே நடந்தது.

முதலில் உதகமண்டலத்துக்குப் போவோம். அங்கே டாடா ஆராய்ச்சி நிலையத்தார் ஜப்பானிய விஞ்ஞானிகளுடன் கூடி 'கிரேப்ஸ் 3' என்ற பரிசோதனைச் சாலையை நடத்தி வருகிறார்கள். ஆகாயத்தின் ஆழத்திலிருந்து வரும் கதிர்கள் நம் வாயுமண்டலத்தின் மேற்பகுதியில் மோதும்போது, 'மியுவான்' என்னும் நுண்ணிய துகள்கள் உண்டாகின்றன. அவை ஓயாத தூறலைப் போல் நம் எல்லோர் தலையிலும் விழுந்துகொண்டே இருக்கின்றன. வாயு அடைத்த 3,712 இரும்புக் குழாய்களை அடுக்கி, நிமிஷத்துக்குச் சுமார் 25 லட்சம் மியுவான்களை அங்கே எண்ணுகிறார்கள்.

இடி மேகம் தலைக்கு மேல் வந்து நிற்கும்போது இந்தத் துகள்களின் எண்ணிக்கை மாறுவதை அவர்கள் கவனித்தார்கள். மேகத்திலுள்ள மின்சாரம், மின்னேற்றம் கொண்ட துகள்களைத் தடுக்கவோ தள்ளவோ செய்கிறது. 2011 ஏப்ரல் முதல் 2014 டிசம்பர் வரையில் 184 இடி மழைகளைப் பதிவு செய்தார்கள். 2014 டிசம்பர் 1-ந் தேதி வந்த மேகம் மியுவான்களின் எண்ணிக்கையை ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு வீதம் குறைத்துவிட்டது. இந்த இரண்டு வீதத்தைக் கொண்டு கணக்கிட்டதில், அந்த மேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று தெரிந்தது. 2019-ல் முடிவு வெளியாயிற்று. மேகத்துக்குள் பலூன்களை அனுப்பி அதற்கு முன் அளந்தவர்கள் கண்டது ஏறக்குறைய இதில் பத்தில் ஒரு பங்குதான். நூறு கோடி வோல்ட் அளவுக்கு இருக்கலாம் என்று ஸி. டி. ஆர். வில்ஸன் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி 1920-களிலேயே ஊகித்திருந்தார். ஊகம் அளவாக மாறத் தொண்ணூறு வருஷம் பிடித்தது.

இங்கே நம் கேள்வியைக் கேளுங்கள். எதனோடு ஒப்பிட்டு அந்த இரண்டு வீதக் குறைவைக் கண்டார்கள்? மேகமில்லாத சாதாரண நாட்களோடு. ஒன்றும் நடவாத நாட்களிலும் சலிக்காமல் எண்ணிக்கொண்டே இருந்தவர்களுக்குத்தான், நடந்த நாளில் என்ன நடந்தது என்று சொல்ல முடிந்தது. இடி இடித்த பிறகு கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால் அந்த இரண்டு வீதம் அகப்பட்டிருக்காது.

வானத்திலிருந்து தரைக்கு இறங்குவோம். திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் நடுவிலுள்ள நம் ஊரில், வயலாக இருந்த இடமெல்லாம் மனையாகி, மனையெல்லாம் வீடாகி வருவதை ரயிலில் போகிற யாரும் பார்க்கலாம். வீடு என்றால் சிமெண்டு. சுண்ணாம்புக் கல்லை 1,450 டிகிரி உஷ்ணத்தில் சுட்டுக் 'கிளிங்கர்' செய்வதுதான் சிமெண்டுத் தொழிலின் ஜீவநாடி. அப்படிச் சுடும்போது, எரிக்கும் கரி விடும் புகை ஒரு புறமிருக்க, கல்லுக்குள்ளேயே அடைபட்டிருக்கும் கரியமில வாயுவும் வெளிப்பட்டு ஆகாயத்தில் கலக்கிறது. உலகம் சூடேறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதைக் குறைக்க, ஸ்விட்ஸர்லாந்து, கியூபா தேசத்து நிபுணர்களோடு சேர்ந்து, சென்னை ஐ. ஐ. டி. உள்பட நம் நாட்டு ஐ. ஐ. டி.க்கள் சில ஒரு புதுக் கலவையை ஆராய்ந்தன. கிளிங்கர் பாதி, சுட்ட களிமண் நூற்றுக்கு 30, சுடாத சுண்ணாம்புக் கல் 15, ஜிப்ஸம் 5. களிமண்ணுக்குச் சுமார் 800 டிகிரி உஷ்ணமே போதும். சாதாரண சிமெண்டோடு ஒப்பிட்டால் கரியமில வாயு நூற்றுக்கு 30 முதல் 40 வரை குறைகிறது. 2023-ல் இந்தியத் தரநிர்ணய ஸ்தாபனம் இதற்குத் தரமும் வகுத்துவிட்டது.

"அப்படியானால் இதுவே நல்ல சிமெண்டு" என்று உடனே சொல்லிவிடலாமா? எதனோடு ஒப்பிட்டு, எந்த இடத்தில் என்று கேட்க வேண்டும். உப்புக் காற்றை எதிர்த்து நிற்பதில், சாதாரண சிமெண்டைக் காட்டிலும் இது மிகவும் மேல் என்று சென்னை ஐ. ஐ. டி.யின் சோதனைகள் காட்டின; இதன் நுண்துளைகள் மிகச் சிறியவையாதலால் உப்பு எளிதில் உள்ளே புகுவதில்லை. ஆனால் காற்றிலுள்ள கரியமில வாயு மெள்ள உள்ளே நுழைந்து, கம்பியைக் காக்கும் காரத்தன்மையைக் கெடுக்கும் விஷயத்தில், பழைய சிமெண்டே கொஞ்சம் தேவலை. புதுக் கலவையில் அந்த வாயுவைத் தாங்கும் சுண்ணாம்புச் சத்து குறைவு. ஆகவே, கடற்கரையில் கட்டுகிறவருக்கு ஒரு பதில்; உப்புக் காற்று எட்டாத உள்நாட்டில் கட்டுகிறவருக்குச் சற்று வேறு பதில். இவர் கம்பிக்கு மேல் நிற்கும் கான்கிரீட்டின் கனத்திலும், நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றி நனைத்து வருவதிலும் இன்னும் அதிகக் கண்ணாக இருக்க வேண்டும். ஆராய்ச்சி முரண்படவில்லை, கேள்விதான் இரண்டு.

மூன்றாவது விஷயம் பள்ளிக்கூடத்தைச் சேர்ந்தது. ஆகையால் நம் நெஞ்சுக்கு நெருங்கியது. கொரோனாவின் காரணமாக 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. சிறு பிள்ளைகள் ஒன்றரை வருஷத்துக்கு மேல் வகுப்பையே பார்க்கவில்லை. அவர்கள் என்ன இழந்தார்கள்? அபிஜித் சிங், மௌரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்ற மூன்று பொருளாதார நிபுணர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்து இதற்கு விடை தேடினார்கள்.

அவர்கள் ஒப்பிட்ட முறையைக் கவனியுங்கள். அவர்கள் 2019-லேயே அதே கிராமங்களில் குழந்தைகளைச் சோதித்து வைத்திருந்தார்கள். 2021 டிசம்பரில் மறுபடியும் சோதித்து, அதே ஊரில் அதே வயதில் 2019-ல் இருந்த பிள்ளைகளோடு இவர்களை ஒப்பிட்டார்கள். நஷ்டம் பெரிது, மொழிப் பாடத்தில் ஏற்பட்ட குறையைப்போல் இரு மடங்குக்கு மேல் கணக்கில் ஏற்பட்டிருந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு அதிக நஷ்டம். ஆனால், பள்ளி திறந்த ஆறே மாதத்தில் அந்தக் குறையில் மூன்றில் இரண்டு பங்கை அவர்கள் ஈடு செய்துவிட்டார்கள். பின்தங்கியவர்களே அதிக வேகமாக முன்னேறினார்கள்.

அச்சமயம் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டத்தை 2021 அக்டோபரில் துவக்கி, தொண்டர்களைக் கொண்டு மாலை வகுப்புகள் நடத்தியது. இந்த மீட்சியில் சுமார் நாலில் ஒரு பங்கு அந்த வகுப்புகளால் ஆயிற்று என்று ஆராய்ச்சி கணக்கிட்டது. மாலை வகுப்புக்கு வந்த பிள்ளைகளை மட்டும் பார்த்திருந்தால், முன்னேற்றம் முழுவதையும் அந்தத் திட்டத்துக்கே மாலையாகச் சூட்டியிருப்பார்கள். திட்டத்தைப் பிடிக்காதவர்கள், "பிள்ளைகள் தாமாகவே தேறியிருப்பார்கள்" என்று முழுவதையும் தள்ளியிருப்பார்கள். கால் பங்கு என்ற விடை இரு கட்சிக்கும் ருசிக்காது. ஆனால் தெருத் திண்ணையில் விளக்கு வைத்துச் சொல்லிக்கொடுத்த ஒரு பெண்ணின் உழைப்புக்கு நியாயமான கூலி அந்தக் கால் பங்குதான். மிச்சத்தில் பெரும் பகுதி, மணி அடித்தால் திறக்கும் சாதாரணப் பள்ளிக்கூடத்தைச் சேரும்.

பெற்றோர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. "என் பையன் மந்தம்" என்று சொல்லுமுன், எதனோடு ஒப்பிட்டு அப்படிச் சொல்கிறீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். எதிர்வீட்டுப் பையனோடு ஒப்பிடுவதைவிட, ஆறு மாதத்துக்கு முந்தைய உங்கள் பையனோடு ஒப்பிடுவது மேல்.

கடைசியாக நம் வாசலுக்கே வருவோம். க்ஷயரோகத்தைத் தடுப்பதற்கான பி. ஸி. ஜி. மருந்தைத் தயாரிக்க 1948-ல் கிண்டியில் ஒரு சாலை ஏற்பட்டது. தேசமெங்கும் ஊசி போடத் தொடங்கினார்கள். 1955-ல் ராஜாஜி அதைக் கடுமையாக எதிர்த்துப் புத்தகமே வெளியிட்டார். சர்க்கார் டாக்டர்கள் மறுத்தார்கள். இரு பக்கமும் பெரிய மனிதர்கள். இரு பக்கமும் வாதம் பலம். விவாதத்தினால் தீராத வழக்கு அது.

1968-ல் அந்த வழக்கு சென்னைக்கு மேற்கே, அப்போது செங்கற்பட்டு ஜில்லாவாக இருந்த நம் திருவள்ளூர்ப் பிரதேசத்துக்கு வந்தது. 209 கிராமங்கள், 9 சிறு நகரங்கள். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் கையை நீட்டினார்கள். சிலருக்கு மருந்து; சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. ஏழரை வருஷக் கணக்கு 1979-ல் வெளியானபோது உலகமே திகைத்தது. பதினைந்து வருஷக் கணக்கும் அதையே உறுதி செய்தது: பெரியவர்களுக்கு நுரையீரல் க்ஷயத்திலிருந்து இந்த ஊசி பாதுகாப்புத் தரவில்லை, சிறுவர்களுக்கும் பாதுகாப்பு மிகக் குறைவு.

அதைக் கேட்டு இன்றைய தாய்மார்கள் குழந்தைக்கு ஊசி வேண்டாம் என்று எண்ணிவிடக் கூடாது. குழந்தைகளின் மூளையைத் தாக்கும் க்ஷயம் முதலிய கொடிய வகைகளிலிருந்து இது காக்கிறது என்பது வேறு பல ஆராய்ச்சிகளால் நிலைபெற்றது. அதனால்தான் பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறார்கள். ஆகவே ராஜாஜியின் கட்சியும் முழுக்க வெல்லவில்லை. எதிர்க்கட்சியும் முழுக்க வெல்லவில்லை. வென்றது ஒப்பிட்டுப் பார்த்தவர்களின் பொறுமை. தாங்கள் விரும்பிய பதில் வராதபோதும் அதை மறைக்காமல் அச்சிட்டார்களே, அது பெரிய காரியம்.

ஊசி போதாது என்றால் வேறு எது உதவும்? 2023-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி சோற்றைச் சுட்டிக் காட்டியது. ஜார்க்கண்டில், சேத்துப்பட்டு க்ஷயரோக ஆராய்ச்சி நிலையத்தாரும் பங்கு கொண்டு நடத்தியது அது. 2,800 நோயாளிகளின் வீட்டார் 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். வீட்டாருக்கு மட்டும் பாதிக் குடும்பங்களில் தானியமும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். மற்றக் குடும்பங்களில் கொடுக்கவில்லை. வீட்டாரும் உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாக நோய் கண்டது நூற்றுக்கு 39 வீதம் குறைந்தது.

க்ஷயம் என்றால் அதை மறைக்கிற வீடுகள் நம் பக்கத்தில் இன்னும் உண்டு. தட்டைத் தனியாக வைப்பார்கள்; தட்டில் என்ன விழுகிறது என்று பார்க்கமாட்டார்கள். ஆறு மாத மருந்து தவறாமல் ஒரு பக்கம், வீட்டில் எல்லோருக்கும் வயிறு நிறையப் பருப்புச் சோறு மறு பக்கம் என்று இரண்டையும் நடத்துகிற குடும்பம், ஜார்க்கண்ட் ஆராய்ச்சியின் பலனைக் கைமேல் பெறுகிறது.

திருவள்ளூர் மார்க்கத்துக் கிராமங்களில், அந்த நாளில் கையை நீட்டியவர்கள் சிலர் இன்று பாட்டன் பாட்டிகளாக இருக்கலாம். தமக்கு விழுந்தது மருந்தா, வெறும் நீரா என்று அறியாமலேயே அவர்கள் உலகத்துக்கு ஒரு பதிலை வாங்கிக் கொடுத்தார்கள். அடுத்த முறை "விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள்" என்ற செய்தி வரும்போது, நேயர்கள் அதைத் தள்ளவும் வேண்டாம், தலையில் வைத்துக் கூத்தாடவும் வேண்டாம். வீட்டில் வாய் திறந்து படிக்கும் பிள்ளை அருகிலிருந்தால், "எதனோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள், பார்த்துச் சொல்லு" என்று கேளுங்கள். செய்தியில் அதற்குப் பதில் இருந்தால் மேலே படிக்கட்டும். இல்லாவிட்டால், பக்கத்தைப் புரட்டிச் சித்திரங்களைப் பார்க்கட்டும்.